ஏழு விசில் மாட்டுக்கறி

பணி ஓய்வு பெற்ற மறுநாளே என் மனைவி சாய்மாவின் மசாலா டப்பாக்களுக்கு பஸ் நம்பர் ஒட்டினேன். மிளகாய்த்தூள் 5பி, தனியா 21ஜி, சீரகம் 29சி. முப்பத்தோரு வருடம் டெப்போவில் நேரக் காப்பாளனாக இருந்தவனுக்கு வேறென்ன தெரியும்? அன்றோடு சமையலறை எனக்குத் தடைசெய்யப்பட்ட பகுதி ஆனது. ஆறு மாதமாக டீ போடக்கூட உள்ளே விடவில்லை. எல்லைப் படை வீரர்கள் அவளிடம் பயிற்சிக்கு வரலாம்.

போன வாரம் செல்போனில் ஒரு மெக்சிகோக்காரர் சமைப்பதைப் பார்த்தேன். ஒரே இரும்புச் சட்டி. அதில் மாட்டுக்கறி, பயறு, மக்காச்சோளம், தக்காளி. அப்படியே சட்டியோடு சாப்பாட்டு மேசைக்கு வருகிறது. எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாய்ப்பு வாங்கினேன். கடல் தாண்டி வந்த டப்பா எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது, எல்லாம் நம் பக்கம் விளைந்ததாக இருக்க வேண்டும் என்றாள். நன்றாக வந்தால் வெள்ளிக்கிழமைதோறும் அடுப்பு என்னுடையது. வராவிட்டால் ஆயுசுக்கும் அந்த நிலைப்படியைத் தாண்டக் கூடாது.

ஞாயிறு காலை அடையாறில் பஸ் ஏறினேன். சைதாப்பேட்டையில் கறி. விவசாயிகளே விற்கும் சந்தையில் மதுராந்தகத்துக் காராமணி, திருவள்ளூர் மக்காச்சோளம், நாட்டுத் தக்காளி, பச்சை மிளகாய். அந்த மிளகாயை முகர்ந்த பூனை ஒன்று இரண்டு தெரு தள்ளிப் போயும் தும்மிக்கொண்டிருந்தது.

நம்மூர் மாடு உழைத்த மாடு. சட்டியில் பத்து நிமிடம் புரட்டினால் மசியாது. ஏழு விசில் வேண்டும் என்பது சாய்மாவின் கணக்கு. கறியைக் குக்கரில் ஏற்றிவிட்டு, சட்டியில் மற்றதை வதக்கினேன். அவள் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஏழாவது விசிலில் அடுப்பை அணைத்து, ஆவி அடங்கியதும் கறியைச் சட்டியில் சேர்த்து, எலுமிச்சை பிழிந்து, சப்பாத்தியோடு மேசையில் வைத்தேன்.

சாய்மா ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள். மேலும் மென்றாள். அதற்குள் ஒரு பஸ் திருவான்மியூர் போய்த் திரும்பியிருக்கும். நானும் கடித்துப் பார்த்தேன். பஸ் டயருக்கும் அதற்கும் வித்தியாசம், இதில் உப்பு இருந்தது.

ஏழு விசில் வைத்தேனே என்று புலம்பிக்கொண்டு குக்கரைப் பார்க்க ஓடினேன். எங்கள் சமையலறை ஜன்னலுக்கு எதிரே, கையெட்டும் தூரத்தில் பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல். அங்கே கயல் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"பாய், அதுல நாலு எங்க வூட்டுப் பருப்பு. உங்களுது மூணுதான் அடிச்சிச்சு."

திரும்பினால் வாசலில் சாய்மா. எங்கள் குக்கரின் குரல் அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும்.

"தெரிஞ்சும் சொல்லலியா?" என்றேன்.

"பரீட்சை உங்களுக்கு. நான் இன்னாத்துக்கு வாயத் தொறக்கணும்?" என்றாள். "தோத்துட்டீங்களா?"

"பஸ் பிரேக்டவுன் ஆனா நடுரோட்டுலயே வுட்டுட்டா போவாங்க? ரிப்பேர் பாத்து எடுப்பாங்க."

கறித்துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து மறுபடி குக்கரில் போட்டேன். ஜன்னலை இழுத்துச் சாத்தினேன். குக்கரோடு காதை வைத்து, விரலை மடக்கி நாலு விசில் எண்ணினேன். சாய்மா பசியோடு காத்திருந்தாள். மறுபடி சட்டி, மறுபடி புரட்டல். மூன்று மணிக்கு மெக்சிகோ இரண்டாம் முறை மேசைக்கு வந்தது.

இந்த முறை கறி பஞ்சாக வெந்திருந்தது. இரண்டாவது சப்பாத்தியை அவளே எடுத்தாள். மூன்றாவதால் சட்டி ஓரத்து மசாலாவை வழித்தாள். பிறகு எழுந்து போய், கம்பி நாரைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"வெள்ளிக்கிழம அடுப்பு உங்களுது. பாத்திரமும் உங்களுதுதான். இன்னிக்கே ஆரம்பிச்சிடுங்க."

இரண்டு தடவை வதக்கியதில் மக்காச்சோளம் சட்டியின் அடியோடு சம்பந்தம் செய்துகொண்டிருந்தது. தேய்க்க உட்கார்ந்தேன்.