பிரபாய் ஆற்றோடு போட்ட சண்டை

பன்னிரண்டாம் மாதப் பௌர்ணமி. தாய்லாந்தின் பிங் ஆற்றில் தேங்காய் ஓட்டு விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வந்துகொண்டிருந்தன. ஊரே தண்ணீரோரம் நிற்க, பிரபாய் மட்டும் படித்துறையின் மேற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் தோங்தீயை இந்த ஆறு வெள்ளத்தில் கொண்டுபோனதிலிருந்து அவள் விளக்கு விட்டதில்லை.

தோங்தீயின் அக்கா ஓரவன் வந்து, செண்டுமல்லி செருகிய வாழைத் தெப்ப விளக்கு ஒன்றை அவள் மடியில் வைத்தாள்.

“விட்டுட்டு வா. வருஷம் பூரா தண்ணியை அழுக்காக்குனதுக்கு ஆத்துத் தாய் கங்கையம்மாகிட்ட ஒரு மன்னிப்பு, அவ்வளவுதான்.”

“நான் கேக்கணுமாக்கா? அவதானே என்கிட்ட கேக்கணும்!”

“அதை எதுக்குடி என்கிட்ட சொல்ற? நானா அவனைக் கொண்டுபோனேன்? போய் அவளையே கேளு. என் பங்குக்கும் சேர்த்துத் திட்டு.”

ஓரவன் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் பிரபாய் தெப்பத்தை அவளிடமே கொடுத்துவிட்டு, கட்டிய துணியோடு இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

திட்ட ஆரம்பித்தாள். முதலில் சத்தமாக. பிறகு அடங்கிய குரலில், அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல. அவன் பல் விளக்கும்போது பாடுவதை, ஒருமுறைகூட உடுத்தாமல் கிடக்கும் அவன் புதுச் சட்டையை, அவன் பக்கத்துத் தலையணையை இன்னும் எடுக்க மனம் வராததை எல்லாம் சொன்னாள். விளக்குகள் அவளைத் தொடாமல் இருபுறமும் விலகிப் போயின. நிலா தண்ணீரில் உடைவதும் கூடுவதுமாக இருந்தது. தான் நிற்கிறாளா, ஆற்றோடு நகர்கிறாளா என்றே அவளுக்குத் தெரியவில்லை.

அணைந்துபோன ஓட்டு விளக்கு ஒன்று வந்து அவள் இடுப்பில் முட்டி நின்றது. யாருடையதோ. பக்கத்தில் எரிந்தபடி போன இன்னொன்றைப் பிடித்து, அதன் சுடரில் இதைப் பற்றவைத்து, இரண்டையும் தள்ளிவிட்டாள்.

கரையேறியவள்மேல் ஓரவன் தன் சால்வையைப் போர்த்தினாள்.

“பைத்தியக்காரி! என்னதான் சொன்னா அவ?”

“ஒண்ணும் சொல்லல. குறுக்கே பேசாம கேட்டுக்கிட்டா.”

“மன்னிப்பு?”

“நானும் கேக்கல, அவளும் கேக்கல.”

ஓரவன் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. தம்பியை நினைத்து அவள் அழுது பிரபாய் பார்த்ததே இல்லை. நனைந்த கையால் அவள் தோளை அணைத்துக்கொண்டாள்.

“நீங்களும் இறங்குங்கக்கா. நான் இங்கேயே இருக்கேன்.”