குதிரை ஏற்றும் சொல்

1973இல் மெல்பேர்னில் என்னைப் போலத் துவக்குப் பைத்தியம் பிடித்த யாழ்ப்பாணத்தான் வேறு எவனும் இருக்கவில்லை. இருந்திருந்தால் அவனையும் வாங்கிச் சுவரில் மாட்டியிருப்பேன். எனக்குச் சாதாரணத் துவக்கு சரிவராது. ஒரே உடம்பில் இரண்டு குழல் வேண்டும். ஒன்றால் குண்டு போக வேண்டும், மற்றதால் சன்னம் சிதற வேண்டும். அப்படிக் கிழட்டுத் துவக்குகள் நாலு சேர்ந்ததும் என் மனைவி கிரிஜா ஒரு விதி போட்டாள்.

"இன்னும் ஒண்டு வாங்குங்கோ. ஆனா அது என்னை ஒருக்காப் பயப்படுத்தினாலும் அஞ்சும் வீட்டை விட்டுப் போகோணும்."

ஐந்தாவது, ரோவில் பக்கம் ஒரு பண்ணை வீட்டில், வெள்ளைக்காரக் கிழவியிடம் கிடைத்தது. அப்போது ரோவிலில் ஆளை விட மாடு அதிகம், மாட்டை மொய்க்கும் இலையான் அதை விட அதிகம். கிழவியின் காலஞ்சென்ற புருஷன் இலங்கையில் தேயிலைத் தோட்டத் துரையாம். விற்ற பிறகும் அவள் துவக்கில் பிடித்த பிடியை விடவில்லை.

"வேட்டையில், தகரம் தட்டி விலங்குகளை அவர் பக்கம் விரட்டும் ஆட்களுக்கு, ஆரம்பிக்கச் சொல்லி ஒரு சொல் சொல்வார். அந்தச் சொல்லை மட்டும் இதன் முன்னால் சொல்லாதே."

"என்ன சொல்?"

"மறந்துவிட்டது. உங்கள் பாஷைதான்."

தமிழில் கோடி சொல் இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே கிளேட்டனில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அன்று மத்தியானம் என்னோடு வேலை செய்யும் மதராஸ்காரர் பார்த்தசாரதி சாப்பிட வந்தார். தோட்டா இல்லை என்று பதினேழு தரம் பார்த்துவிட்டு, அதை இரண்டு சாப்பாட்டு மேசைக் கதிரைகளுக்குக் குறுக்கே கிடத்தியிருந்தேன்.

"எப்பிடி என்ர துவக்கு?" என்றேன்.

க்ளிக். தோட்டாவைத் தட்டும் இரும்புக் குதிரைகளில் இடப்பக்கத்தது தானாகப் பின்னால் சாய்ந்து நின்றது.

"ஸ்பிரிங் பழுது. பழந் துவக்கு எண்டால்..."

க்ளிக். வலப்பக்கத்ததும்.

பின்வேலிக்கு அப்பால் தகரம் தட்டும் சத்தம் எழுந்தது. ஐம்பது தகரம், என் கணக்கில் ஐந்நூறு. நாய்கள். ஆண்களின் கூவல். ஜன்னலால் பார்த்தேன். ஒருவரும் இல்லை. புல் மட்டும் நீண்ட வரிசையாக மடிந்து மடிந்து வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தது.

பார்த்தசாரதி தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். "சார், எங்க ஊர்ல இதுக்குத் துப்பாக்கின்னு பேரு. துவக்குன்னா ஆரம்பின்னு அர்த்தம். நீங்க அதுக்கு உத்தரவு போட்டுட்டிருக்கீங்க."

பாவி, அவரும் சொல்லிவிட்டார். துவக்கு கதிரையில் மெல்ல உராய்ந்து திரும்பி, இரண்டு வாயாலும் என் நெஞ்சைப் பார்த்தது. தோட்டா இல்லை என்று மூளை சொன்னது. நான் பார்த்தசாரதிக்குப் பின்னால் போய் நின்றேன்.

குசினியிலிருந்து அகப்பையோடு கிரிஜா வந்தாள். துவக்கைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள்.

"நிப்பாட்டு" என்றாள்.

தகரம் நின்றது. இரண்டு குதிரைகளும் மெதுவாகப் படுத்தன. வேலியடியில் புல் ஒவ்வொன்றாக நிமிர்ந்தது.

"நாளைக்கே அஞ்சையும் வித்துப் போடுவம்" என்றேன்.

"ஏன்? நான் பயப்பிடேல்லையே."

விதி விதிதான். ஐந்தும் இன்றும் சுவரில் இருக்கின்றன. வருகிறவர்களுக்கெல்லாம், அந்தச் சொல்லை மட்டும் விழுங்கிவிட்டு, நான் இந்தக் கதையைச் சொல்வேன். என் கதையில் தகரம் ஐந்நூறைத் தாண்டினால் கிரிஜா எழும்பிப் போய் ஐந்தாவதன் அருகே நின்று, "து..." என்பாள்.

நான் குசினிக்குப் போய்க் கோப்பை கழுவத் தொடங்கிவிடுவேன். பின்வேலிப் பக்க ஜன்னலை மட்டும் பார்க்கமாட்டேன்.