அக்னெஸ் எடுத்த படம்

படச்சட்டத்தின் பின்பக்கத் தகடுகளைக் கார்ச் சாவியால் நெம்பிக்கொண்டிருந்தார் ஆனந்தராசா. இறுதிச்சடங்கு மண்டபத்தின் முன்பக்கத்தில், திறந்திருந்த பெட்டிக்குள் அவருடைய மனைவி நிரஞ்சனி கூறைச் சேலையில் கிடந்தாள். பார்வைக்கு ஆட்கள் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"என்னப்பா செய்யிறியள்?" மகள் அனோஜினி பூக்கூடையைக் கீழே வைத்தாள்.

"இந்தப் படம் வேண்டாம்."

"நீங்கள்தானே நல்லாயிருக்கெண்டு சொன்னனீங்கள். லண்டன், பாரிஸ் எல்லாம் இதுதானே போனது."

சொன்னது உண்மைதான். மரண அறிவித்தலுக்குப் படம் தேடியபோது அவருடைய கைபேசியில் நிரஞ்சனி தனியாக நின்ற படம் ஒன்றுகூட இல்லை. பிறந்தநாள் விழாக்களில் கேக்குக்குப் பின்னால், மற்றவர்களின் தோள்களுக்கிடையில் பாதி முகமாகத் தெரிந்தாள். அனோஜினிதான் தாயின் கைபேசியிலிருந்து இதைக் கண்டெடுத்தாள். சீனத் தோட்டத்தில், வளைந்த கூரை போட்ட மண்டபத்துக்கு முன்னால், குளத்தோரப் பாறையில் கை ஊன்றி நிரஞ்சனி சிரிக்கிறாள். பல் தெரிய, கண் சுருங்க, வாயைப் பொத்த மறந்த சிரிப்பு. முப்பத்தொரு வருடத்தில் அவர் அதை இரண்டு தடவை கண்டிருப்பார்.

பாரிசிலிருந்து மைத்துனர் அழைத்து, அக்கா உயிரோடு இருப்பது போலவே இருக்கிறாள், யார் எடுத்த படம் என்று கேட்டார். "நான்தான் எடுத்தனான்," என்றார் ஆனந்தராசா. லண்டனுக்கும் அதையே சொன்னார். நேற்று மாலைதான் அனோஜினி, அது அக்னெஸ் அன்ரி எடுத்தது என்றாள்.

அக்னெஸ் மன்னார்க்காரி. சென்ட் லோரன்ட் பகுதியில் மருந்துப் பெட்டி அடுக்கும் தொழிற்சாலையில் பதினொரு வருடம் நிரஞ்சனிக்குப் பக்கத்தில் நின்றவள். சனிக்கிழமை வேலை மதியத்தோடு முடிந்தால் இருவரும் மெட்ரோ பிடித்துத் தோட்டத்துக்குப் போவார்களாம். அவர் அதை ஓவர்டைம் என்று நினைத்திருந்தார்.

முதலில் நிரஞ்சனி அவரைத்தான் கூப்பிட்டிருந்தாள். ஷாங்காயிலிருந்து கல்லும் மரமும் கப்பலில் கொண்டுவந்து, அங்குள்ள பழைய தோட்டங்களைப் போலவே கட்டியதாம், ஒருமுறை போய்ப் பார்ப்போமே என்றாள். கல்லையும் தண்ணீரையும் பார்க்க என்ன இருக்கிறது என்று தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். அவள் பிறகு கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவை இருக்கவில்லை என்பது இப்போது எரிந்தது. ஆண் ஒருவன் என்றால் ஆத்திரப்படவாவது வழி இருந்திருக்கும். மதியச் சோற்றைப் பங்கிட்டுத் தின்ற ஒருத்தியிடம் போய் என்ன கேட்பது?

நினைவுப் பலகையில் ஒட்டியிருந்த, அனோஜினியின் கலியாணப் படம் ஒன்றைப் பிய்த்தெடுத்தார். அவரும் நிரஞ்சனியும் ஒட்டி நின்ற படம்.

"அப்பா, இது மாலை போடுற படம். உயிரோட இருக்கிற உங்களையும் அதுக்குள்ள வைக்கிறதே? சனம் என்ன சொல்லும்?"

அவர் படத்தை நெடுக்காக மடித்தார். அவருடைய முகம் பின்பக்கம் போயிற்று. சால்வைக் கரை மட்டும் மனைவியின் தோளோரம் எஞ்சியது. பந்திக்குச் சோறு போதுமோ என்ற யோசனையோடு அவள் கமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துப் படத்தின் மேலேயே அதை வைத்துத் தகடுகளை அழுத்தி, மாலையைப் போட்டார்.

அக்னெஸ் மழையில் நனைந்த கோட்டோடு வந்தாள். பெட்டியருகே நெடுநேரம் நின்றாள். சட்டத்தைப் பார்த்தாள். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். பெண்கள் வாய்க்கரிசி போட வரிசையாக நின்றபோது அனோஜினி கையசைத்துக் கூப்பிட்டும் எழும்பவில்லை. ஆனந்தராசாதான் அவளிடம் போனார்.

"அந்தப் படம் நீங்களாம் எடுத்தது."

"ஓம் அண்ணை."

"சிரிக்கச் சொன்னனீங்களோ?"

"சொன்னா அவ சிரிப்பாவே? வாயைப் பொத்திப்போடுவா." அக்னெஸ் தன் சப்பாத்தைக் குனிந்து பார்த்தாள். "மண்டபம் முழுக்க வரவேணுமெண்டு நான் பின்னால பின்னால போய், குளத்துக்குள்ள கால் வைச்சிட்டன். அதுக்குத்தான் சிரிச்சவ. மெட்ரோவில ஈரச் சப்பாத்து ஒவ்வொரு அடிக்கும் கத்தினது. வீட்டு வாசல் வரைக்கும் சிரிச்சவ, அண்ணை."

வீட்டு வாசல் வரைக்கும். கதவைத் திறந்து உள்ளே வந்தபோதும் அது அவள் முகத்தில் மிச்சம் இருந்திருக்க வேண்டும். நிமிர்ந்து பார்த்ததாக அவருக்கு நினைவில்லை.

பெட்டியை மூடப்போகிறோம் என்று சொன்னார்கள். ஆனந்தராசா மாலையைக் கழற்றினார். பாரிசுக்கு நேரலை போய்க்கொண்டிருந்த கமராவுக்கு முன்னாலேயே சட்டத்தைத் திருப்பி, சாவியால் தகடுகளை நெம்பி, மடித்த படத்தை எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். சட்டத்தை மேசையில் நேராக நிறுத்தினார். அதைப் பார்த்தபடியே ஓரடி பின்னால் வைத்தார். பிறகு இன்னொரு அடி. சனம் விலகி வழிவிட்டது.

"அப்பா, பின்னால கதிரை," என்றாள் அனோஜினி.

குதிக்கால் இடித்து, கதிரை கிறீச்சென்று நகர்ந்தது. அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.