மந்திரமில்லாத ஓம்

கொலோன் நகரில் பாட்டுக்கு இசையமைத்தே வாழ்கிற ஆங்கிலேயர் டெரெக், பாடகி தேனுஜா தன் தாயோடு தொலைபேசியில் பேசுவதைக் கேட்டு ஒரு பாட்டுக் கட்டினார். அவள் அடிக்கடி சொன்ன "ஓம்" மந்திரமாக்கும் என்று நினைத்து, மணியோசையோடு நீட்டி முழக்கிவிட்டார்.

தேனுஜா விழுந்து விழுந்து சிரித்தாள். "டெரெக், நாங்கள் சேர்ச்சுக்குப் போற சனம்! ஓம் எண்டால் நீங்கள் சொல்லுற 'யெஸ்'தான். அம்மா 'சாப்பிட்டியோ' எண்டு கேக்க, 'ஓம்' எண்டனான். நாளைக்குக் கச்சேரி, இப்பிடியே விடுங்கோ."

"முடியாது," என்றார் டெரெக். பொய்யான ஒரு சுரம்கூட மேடையேறக்கூடாது என்பது அவர் பிடிவாதம். முழுப் பாட்டையும் கிழித்துப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதினார்.

கச்சேரியில் பியானோவை வாசித்தபடி அவரே, "சாப்பிட்டியோ?" என்று பாடினார். "ஓம்," என்று பாடினாள் தேனுஜா.

முன்வரிசையிலிருந்து தாய் எழும்பினாள். "பொய் சொல்லாதை பிள்ளை, முகம் வாடிக் கிடக்கு!"