செய்தி வாசிப்பது எழிலரசி

முழங்கால்வரை நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே சிவகிரி மாமா வாசலேறினார்.

“ஏலே குத்தாலிங்கம், சிற்றாத்துல தண்ணி ஏறிக்கிட்டே வருது. விடிஞ்சா சுடுகாட்டுல கால் வைக்க முடியாது. இப்பமே எடுத்துருவோம்.”

“இசக்கி வரட்டும் மாமா.”

“வருவாளாக்கும்!”

“நான்தான போன்ல பேசுனேன். அப்பாவ எடுத்துராதண்ணே, மெயிலுக்கு ஏறிருதேன்னு அழுதா.”

குத்தாலிங்கம் உள்ளே பார்த்தான். மத்தியானம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்தவர்தான், அப்பா. இப்போது நடுவீட்டில் கிடந்தார். சீசனுக்குச் சீசன் குற்றாலத்தில் குளிக்க வந்தவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டே மகளைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்கவைத்த கைகள். அவற்றை நெஞ்சின்மேல் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

தலைமாட்டில் ஓர் ஆள் உட்காரும் இடத்தைக் காலியாக விட்டுவைத்திருந்தாள் அம்மா பேச்சித்தாய். அழ வந்த பெண்களில் ஒருத்தியையும் அங்கே அண்டவிடவில்லை. “அது எம் பிள்ளைக்கு” என்று மட்டும் சொன்னாள். உட்கார இடமில்லாமல் அடுத்த தெரு முருகம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மெயில் இந்நேரம் எழும்பூர விட்டிருக்கும்” என்றார் மாமா. “இன்னைக்கு டிவில நியூஸ் வாசிக்கது ஆருன்னு பாத்துட்டு வா. இவ மூஞ்சி தெரிஞ்சா ரயில்ல இல்லன்னு அர்த்தம். பெத்தவன் வச்ச பேரையே மாத்துனவ, அப்பனுக்காகவா வேலைய விட்டுட்டு வருவா?”

சென்னைத் தொலைக்காட்சியில் இசக்கிக்கு எழிலரசி என்று பெயர். பல வருஷமாக அந்தப் பெயரில்தான் செய்தி வாசிக்கிறாள். கொடைக்கானலில் டிவி கோபுரம் எழுந்து தென்காசியிலும் அவள் முகம் தெரிய ஆரம்பித்ததும், சாயங்காலமானால் அப்பா பக்கத்து வீட்டு ஜாஹிரா பீவியின் கூடத்தில் ஆஜராகிவிடுவார். கடைசியில் அவள் கைகூப்பி வணக்கம் சொல்லும்போது, “சரிட்டி, போயிச் சாப்பிடு” என்பார். கூடமே சிரிக்கும்.

இன்று ஜாஹிரா பீவி டிவியின்மேல் துணி போர்த்தியிருந்தாள்.

“சாவு வீட்டுக்கு அடுத்தாப்புல டிவி போடுததா? நல்லா இருக்குமா தம்பி?”

“போடுங்கக்கா. ஆருன்னு மட்டும் பாத்துக்கிடுதேன்.”

படத்துக்கு முந்திச் சத்தம் வந்தது. “வணக்கம். செய்திகள். வாசிப்பது எழிலரசி.” சாவு வீடுவரைக்கும் கேட்கும் சத்தம். பீவி பதறிப்போய்க் குமிழைத் திருகினாள்.

பிறகு முகம் வந்தது. இசக்கியேதான்.

“முந்தியே படம் புடிச்சு வச்சிருப்பாங்க” என்றான் குத்தாலிங்கம். “அதைத்தான் இப்பம் போடுதாங்க.”

“அப்படித்தான் இருக்கும்” என்றாள் பீவி.

டெல்லிச் செய்தி முடிந்தது. விலைவாசி முடிந்தது. திரையில் இசக்கி ஒரு தாளைப் புரட்டினாள்.

“குற்றாலம் பேரருவியில் இன்று பிற்பகல் திடீர் வெள்ளம் ஏற்பட்டதையடுத்து, குளிக்கத் தடை விதிக்கப்பட்டுள்ளது. தென்காசியில் சிற்றாற்றின் கரையோரம் வசிக்கும் மக்கள்…”

ஒரு நொடி தாளையே பார்த்தாள்.

“…எச்சரிக்கையாக இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டுள்ளனர்.”

அப்பா அடங்கியது மத்தியானம். வெள்ளம் வந்தது அதற்குப் பிறகு. முந்தியே பிடித்துவைத்த படத்தில் அந்த வெள்ளம் எப்படி வரும்? குத்தாலிங்கம் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள் தலையில் பூ இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தான்.

“அவளுக்குப் பதிலா உக்கார ஆளு கிடைக்கலையோ என்னமோ” என்றாள் பீவி மெதுவாக.

எழிலரசி கைகூப்பினாள். “வணக்கம்.”

“போயிச் சாப்பிடு” என்று சொல்லக் கூடத்தில் ஆளில்லை. பீவி டிவியை அணைத்துத் துணியைப் பழையபடி போர்த்தினாள்.

தெருவில் மாமா நின்றிருந்தார். மருமகன் முகத்தைப் பார்த்தார்.

“பெட்ரோமாக்ஸ் வெளக்குக்குச் சொல்லிருங்க மாமா, எடுத்துருவோம்” என்றான் குத்தாலிங்கம்.

ரயிலில் இடம் கிடைக்கவில்லையாம் என்று சொல்லிவிடலாம். அம்மா நம்பிவிடுவாள். வார்த்தைகளை ஒழுங்குபடுத்திக்கொண்டு உள்ளே போனான். அவன் வாய் திறக்குமுன் அம்மா நிலைப் பக்கம் திரும்பினாள்.

“ஏட்டி முருகம்மா, எம்புட்டு நேரமா நிப்ப? இங்கன வந்து உக்காரு.”

“அது பிள்ளைக்குன்னு…”

“உக்காருட்டி.”

முந்தானையால் அந்த இடத்தைத் துடைத்துக் கொடுத்தாள்.