டாலஃப்சன் வீட்டுக் கடைசிச் சுற்று

சர்க்கரையை எவ்வளவு கூட்டுவது என்பதில்தான் மார்லிஸுக்குக் குழப்பம். கொஞ்சமாகக் கூட்டினால் பிரயோசனம் இல்லை. அள்ளிக் கொட்டினால் நாக்கில் வைத்ததுமே ஆளாளுக்கு முகம் சுளிப்பார்கள். ஜூலை நான்காம் தேதி, சுதந்திர தினத்துக் காலை, வீடு இன்னும் எழவில்லை. மசித்த ஸ்ட்ராபெர்ரிக் கிண்ணத்தின் முன்னால் கோப்பையும் கையுமாக நின்றாள்.

இனிப்பு ஏற ஏற ஐஸ்கிரீம் இறுகுவதற்குத் தாமதமாகும். அதை அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. முன்பொரு வருஷம் அவளுடைய நாத்தனார் பேச்சு சுவாரசியத்தில் இரண்டு தடவை சர்க்கரை போட்டுவிட, அன்றைக்கு ஐஸ்கிரீம் வெகுநேரம் கஞ்சியாகவே நின்றது. கலவை இளகலாக இருக்கிற வரைக்கும் கைப்பிடி சுலபமாகச் சுற்றும். அவளுக்கு இப்போது வேண்டியது அதுதான்.

வழக்கத்துக்கு மேல் ஒரு கோப்பை போட்டாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு இன்னும் அரைக் கோப்பையைப் போட்டுக் கிளறி, பாலேட்டைச் சேர்த்து, மூடிக் குளிர்பெட்டிக்குள் வைத்தாள். செய்தது சரிதானா என்று தெரியவில்லை. சாய்ந்திரத்துக்குள் தெரிந்துவிடும்.

டாலஃப்சன் வீட்டில் ஐஸ்கிரீம் கடைவதற்கு ஒரு முறை உண்டு. ஒரு மரவாளி, அதற்குள் ஒரு தகரக் குடுவை, இரண்டுக்கும் இடையில் ஐஸ்கட்டியும் கல்லுப்பும். உப்பு சேர்ந்தால்தான் ஐஸின் குளிர் ஏறிக் கலவை இறுகும். மேலே சுற்றுகிற கைப்பிடி. கலவை தண்ணீராக இருக்கும்போது பிள்ளைகள் சுற்றுவார்கள். கனக்க ஆரம்பித்ததும் பெண்கள், பிறகு இளவட்டங்கள். எந்தக் கைக்கும் அசைந்து கொடுக்காமல் இறுகும் சமயத்தில் வீட்டுப் பெரியவர் வந்து உட்கார்ந்து கடைசிச் சுற்றைச் சுற்றுவார். கைப்பிடி தானாக நிற்கிற வரைக்கும் அவர் எழக்கூடாது, வேறொருவரிடம் கொடுக்கவும் கூடாது. மார்லிஸின் புருஷன் ஆர்விட்டின் அப்பா சாகிற வருஷம் வரை அவர்தான் முடித்தார். அதற்குப் பிறகு ஆர்விட். இதை யாரும் சட்டமாகச் சொன்னதில்லை. யாரும் மீறியதும் இல்லை.

இந்த வருஷம் ஆர்விட்டின் வலது கையில் வலு இல்லை. பனிக்காலத்தில் விரல்கள் மரத்தன. பனி உருகின சமயத்தில் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. லக்ராஸ் ஊரில் பார்த்த டாக்டர், நரம்பில் கோளாறு என்றார். இது மேலே ஏறும், இறங்காது என்றார். காரில் திரும்பி வரும்போது ஆர்விட் வாய் திறந்தது ஒரே ஒரு தடவைதான்.

"ரெனேக்குத் தெரிய வேணாம்."

ரெனே அவர்களுக்கு ஒரே மகள். புருஷனோடும் குழந்தையோடும் ஓ கிளேர் என்கிற ஊரில் இருக்கிறாள். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் ஈஸ்டருக்கு வந்தபோது அப்பா இடது கையால் முள்கரண்டி பிடிப்பதைப் பார்த்துவிட்டுப் போயிருந்தாள். போன மாசம் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் சுத்தி வளைச்சுப் பேசல. எங்க வீட்டுப் பக்கத்துல வயசானவங்களுக்குன்னு கட்டின வீடு ஒண்ணு காலியா இருக்கு. நாலாந்தேதி வர்றேன். அப்பாவை என் கண்ணால பாக்குறேன். நல்லா இருந்தாருன்னா அந்த வீட்டைப் பத்தி இனிமே மூச்சு விடமாட்டேன். இல்லேன்னா பனி விழுறதுக்குள்ள ரெண்டு பேரும் அங்க வந்துடணும். உங்க வீட்டுக்கு ஏறுற சரிவுல வழி தெரியாம பனி மூடிக் கிடந்தா, யாரு வந்து வாருவா உங்களுக்கு?"

"அப்பா நல்லாத்தான் இருக்காரு."

"அப்ப ஐஸ்கிரீமை அவரே முடிக்கட்டும். பாத்துக்கிறேன்."

மார்லிஸ் அதை ஆர்விட்டிடம் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று பிறகு தோன்றியது. அன்றிலிருந்து அவர் கொட்டகையில் ஒரு பழைய அரைவை எந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றிப் பழகினார். கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பழகினார். அந்தச் சத்தம் நடுவில் நிற்பதும், பிறகு தொடங்குவதும் சமையலறை வரைக்கும் கேட்கும்.

மத்தியானம் எல்லாரும் முற்றத்தில் கூடினார்கள். ரெனேயின் புருஷன் ட்வைட் அடுப்பில் சாஸேஜ் வாட்டிக்கொண்டிருந்தான். பக்கத்துப் பண்ணை ஆர்லின் தன்னுடைய மடக்கு நாற்காலியோடு வந்து நிழல் பார்த்து உட்கார்ந்தார். ஆர்விட்டோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர்.

"இந்த வருஷமும் ஸ்ட்ராபெர்ரிதானாடா?" என்றார் ஆர்லின்.

"வேற எதைப் போடச் சொல்ற?"

"கறுப்பு வால்நட். மனுஷன் திங்கிற ஐஸ்கிரீம் அது ஒண்ணுதான்."

"அதை ஒடைச்சுக் குடுக்க நீ வர்றியா? சுத்தியல் தூக்கவே உனக்குச் சோம்பல்."

"எனக்கு வெண்ணிலா போதும்," என்றான் ட்வைட் அடுப்படியிலிருந்து.

"வெண்ணிலாங்கிறது ஒரு ருசியே இல்ல, மாப்பிள்ள," என்றார் ஆர்லின். " ருசி போடுறதுக்கு முன்னாடி இருக்குற நெலமை அது."

"எனக்கு நீலம்," என்றாள் பேத்தி பிரிட்டா.

"நீலம்னா என்ன பழம்டி?"

"பழம் இல்ல. நீலம்."

ஆர்லின் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். ஆர்விட்டும் சிரித்தார். அவருடைய வலது கை தொப்பிக்கு அடியில் மடியில் கிடந்தது. காரிலிருந்து இறங்கியபோது ரெனே அப்பாவைக் கட்டிக்கொண்டாள். அவர் ஒரு கையால்தான் அணைத்தார். அதன் பிறகு அவள் அதிகம் பேசவில்லை. இப்போதும் அந்தத் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று எழுந்தாள்.

"வாளியில ஐஸை நான் போடுறேன்," என்றாள். "நீங்கள்லாம் உக்காருங்க."

முதலில் பிரிட்டா சுற்றினாள். பிறகு கோணியை மடித்து வாளி மேல் போட்டு, அது ஆடாமல் இருக்க அவளையே அதன்மேல் உட்கார வைத்தார்கள். அடுத்து ரெனே, அப்புறம் மார்லிஸ், அதற்குப் பின் ட்வைட்.

"இன்னும் லேசாத்தான் ஓடுது," என்றான் ட்வைட்.

ஆர்லின் உட்கார்ந்து சுற்றினார். "ஆமா, தண்ணியா இருக்கு. வெயில்தான் காரணம்."

மார்லிஸுக்குப் புரிந்தது, சர்க்கரை வேலை செய்கிறது. இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று நினைத்தாள்.

"ஆர்விட், நீ வந்து முடிச்சுடு. நேரமாச்சு."

"இன்னும் கனமே ஏறலையே," என்றார் ஆர்லின்.

"ஏறிடும். நீ எந்திரி."

ஆர்விட் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வந்து முக்காலியில் உட்கார்ந்தார். இடது கையை வாளி விளிம்பில் ஊன்றினார். வலது கையைக் கைப்பிடியில் வைத்துச் சுற்றினார்.

சுற்றியது. நன்றாகவே சுற்றியது. தோளிலிருந்து கை வட்டம் போட்டது. ஆர்லின் கறுப்பு வால்நட்டின் பெருமையை மறுபடி ஆரம்பித்தார். ட்வைட் தட்டுகளை எடுத்து வைத்தான். மார்லிஸ் மகளின் முகத்தைப் பார்த்தாள். அது இளகியிருந்தது, கண்ணில் ஈரம்கூட இருந்ததுபோல் பட்டது. அந்த நேரத்துக்கு மார்லிஸ் தன்னைக் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டாள்.

கைப்பிடி நிற்கவில்லை.

அவர் சுற்றிக்கொண்டே இருந்தார். குடுவைக்குள் கைப்பிடியோடு சுற்றுகிற அகப்பை தண்ணீரான கலவையில் தளதளவென்று அடிக்கிற சத்தம் மாறவே இல்லை. கொஞ்ச நேரத்தில் அவருடைய தோள் மட்டும் சுற்றாமல் உடம்பே முன்னும் பின்னும் ஆட ஆரம்பித்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆர்லினின் பேச்சு குறைந்து குறைந்து நின்றது. அடுப்பில் சாஸேஜ் கருகுகிற வாசனை வந்தும் யாரும் திரும்பவில்லை.

விரல்கள் கைப்பிடியிலிருந்து நழுவின. ஆர்விட் இடது கையால் வலது கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்கினார். கீழே விழுந்த பண்டத்தை எடுத்து அதன் இடத்தில் வைப்பதுபோலக் கைப்பிடியின் மேல் வைத்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். மறுபடி சுற்றினார்.

எல்லாரும் பார்த்தார்கள்.

ட்வைட் ஒரு அடி எடுத்து வைத்தான். "ஆர்விட், நான் கொஞ்சம்..."

"உக்காரு."

மறுபடி நழுவியது. மறுபடி தூக்கி வைத்தார். "என்னடா இது," என்றார், கைப்பிடியைப் பார்த்து. "நான் சுத்துறது பத்தலையா?"

அதைக் கேட்டபோதுதான் மார்லிஸுக்குத் தான் செய்தது என்னவென்று முழுதாக உறைத்தது. தவறு தன் கையில் இருப்பதாக அவர் நினைக்கிறார். ஆனால் ஒன்றரைக் கோப்பைச் சர்க்கரை இப்படிச் செய்யாது. தாமதமாக்கும், அடியோடு தடுக்காது. அவள் குனிந்து, வாளியின் பக்கத்துத் துளையில் வழிகிற தண்ணீரில் விரலை வைத்தாள். விரலை விறைக்க வைக்க வேண்டிய தண்ணீர் சும்மா சில்லென்று மட்டும் இருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு பேருக்குத்தான் கரித்தது. படிக்கட்டோரம் கல்லுப்புப் பை கிடந்தது. பிரித்திருந்தது. குறைந்ததே தெரியவில்லை.

நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். ரெனே கண்ணை எடுத்துக்கொண்டாள்.

"நீயா?" என்றாள் மார்லிஸ், தணிந்த குரலில்.

"கார்லேந்து எறங்கும்போதே தெரிஞ்சுபோச்சும்மா. இத்தனை பேரு முன்னாடி அவரு... நான் வேணாம்னு நெனச்சேன். உப்பைக் கொறைச்சா லேசா இருக்குமேன்னுதான். அந்த வீட்டைக்கூட விட்டுடலாம்னு நெனச்சேன்."

"நான் சர்க்கரையைக் கூட்டிட்டேன்டி."

தணிந்த குரல்தான். ஆனால் அப்போது முற்றத்தில் வேறு சத்தம் இல்லை. கைப்பிடி நின்றது.

"ரெண்டு பேருமா?" என்றார் ஆர்விட்.

மார்லிஸ் தலையை ஆட்டினாள்.

"அப்ப இது விடிய விடியச் சுத்தினாலும் இறுகாது."

"இறுகாது," என்றாள் மார்லிஸ்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் தன் வலது கையைப் பார்த்தார். அது இன்னும் கைப்பிடியின் மேல்தான் இருந்தது.

"உப்பைச் சரியாப் போட்டு, சர்க்கரையைச் சரியாப் போட்டிருந்தா," என்றார் நிதானமாக, "நாலு சுத்துல தோத்திருப்பேன். ஆர்லின் கிண்டல் பண்ணியிருப்பான். எந்திரிச்சு உள்ள போயிருப்பேன். அவ்வளவுதான் ஆகியிருக்கும்."

"அப்பா," என்றாள் ரெனே.

"பாப்பா, கீழ எறங்கு."

பிரிட்டா வாளியை விட்டு இறங்கினாள். "முடிஞ்சுதா தாத்தா?"

"முடிஞ்சுது."

ட்வைட் குடுவையைத் திறந்து, இளஞ்சிவப்பாக இருந்ததைக் கிண்ணங்களில் வைக்க முடியாமல் காபிக் கோப்பைகளில் ஊற்றினான். ஆளுக்கொன்று கொடுத்தான். எல்லாரும் குடித்தார்கள். தொண்டையைப் பிடிக்கிற இனிப்பு.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் ஆர்லின். கோப்பையைக் காலியாக்கிவிட்டு, மாடு பார்க்கணும் என்று நாற்காலியை மடித்தார். மாடுகளை அவர் விற்று இரண்டு வருஷமாகிறது. போகிற போக்கில் ஆர்விட்டின் தோளில் கை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் செய்து மார்லிஸ் பார்த்ததில்லை.

ஆர்விட் முக்காலியை விட்டு எழவில்லை. கோப்பையும் தொடாமல் இருந்தது.

"ரெனே, அந்த வீடு எந்த மாடி?"

"கீழ்த்தளம்தாம்ப்பா."

"ஜன்னல்?"

"ரெண்டு இருக்கு. காரு நிறுத்துற பக்கம்."

"மரம் கிரம் ஏதாவது?"

ரெனே யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்ததுபோல் இருந்தது. "இல்லப்பா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். "அக்டோபர்ல வர்றோம்னு சொல்லிடு."

மார்லிஸை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வீட்டுக்கு அவள் வந்த நாள் முதலாக, ஒரு கன்றுக்குட்டி வாங்குவதென்றாலும் அவளைக் கேட்காமல் அவர் செய்ததில்லை. கேள் என்று இப்போது அவள் எந்த வாயால் சொல்வது? அவரைக் கேட்காமல் அவள்தானே முதலில் செய்தாள். ரெனே அழுதுகொண்டே தட்டுகளை அடுக்கினாள். வேண்டும் என்று வந்ததுதான் அவளுக்குக் கிடைத்தது.

ட்வைட் வாளியைத் தூக்கிக்கொண்டு நின்றான். உப்புத் தண்ணீர் பட்டால் புல் கருகிவிடும் என்று, அதை எப்போதும் சரளைப் பாதை வரைக்கும் சுமந்து போய்த்தான் கொட்டுவார்கள். பாதை தூரம், வாளி கனம். அவன் மார்லிஸைப் பார்த்தான்.

"இங்கயே ஊத்து," என்றாள் அவள். "ஒண்ணும் ஆகாது."

அவன் ஊற்றினான். தண்ணீர் முற்றத்துப் புல்லில் பரவி, ஆர்விட்டின் செருப்பு வரைக்கும் வந்தது. அவர் காலை நகர்த்தவில்லை.