ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்

ஆதாரம் இல்லாமல் கொலீன் வாயைத் திறக்க மாட்டாள். அதனால் அவளோடு வாதாடி ஜெயித்தவர் யாரும் இல்லை. பதினோரு வருஷம் குடும்பம் நடத்திய காரெட்டே தோற்றுக் களைத்துத்தான் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனான் என்று அவளுடைய சொந்தத் தங்கையே கேலி செய்வாள். எலும்பு டாக்டர்கள் ஒன்பது பேர் இருக்கிற ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு நேரம் ஒதுக்குவது அவள் வேலை. யார் எப்போது எங்கே இருந்தார்கள் என்று அவளிடம் யாரும் கதைவிட முடியாது.

மார்ச் மாதம் மகள் டெஸ்ஸாவின் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. டெஸ்ஸா எட்டாம் வகுப்பு. ஆகஸ்டில் உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள். அங்கே அவளைச் சாதாரணக் கணக்கு வகுப்பில் சேர்க்கலாம் என்று கணக்கு ஆசிரியர் ஹப்ளர் பரிந்துரைத்திருந்தார். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான ஆனர்ஸ் வகுப்புக்குத் தொண்ணூறு சராசரி வேண்டும், டெஸ்ஸாவுக்கு எண்பத்து நாலுதான். அதையும் மீறிப் பிள்ளையை ஆனர்ஸில் போட நினைக்கும் பெற்றோருக்கென்று ஒரு படிவம் இணைத்திருந்தார்கள். தாய், தகப்பன் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பிள்ளை தடுமாறினாலும் அரை வருஷம் முடியும்வரை வகுப்பு மாற்றித் தர மாட்டோம் என்று அதில் கறுப்பு மையில் அழுத்தமாக அச்சடித்திருந்தது.

கொலீன் கடிதத்தைப் படித்து முடிப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டாள். ஒன்பதாம் வகுப்பில் ஆனர்ஸ் எடுத்தால்தான் பன்னிரண்டில் நுண்கணிதம் கிடைக்கும். அது இல்லாமல் நல்ல பொறியியல் கல்லூரி எதுவும் திரும்பிப் பார்க்காது. கொலீனுக்குப் பதினாலு வயதில் எந்த வகுப்பு வேண்டும் என்று அவள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. பள்ளியில் எதில் உட்காரச் சொன்னார்களோ அதில் உட்கார்ந்தாள். முப்பது வருஷம் கழித்து, தன்னைவிடப் புத்தி குறைந்த டாக்டர்களுக்கு நாள்காட்டி பார்த்துக்கொண்டிருக்கிறாள். டெஸ்ஸாவுக்கும் அப்படி ஒரு கதி வரக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் அவள் யார் பேச்சையும் கேட்பதாக இல்லை.

காரெட் கையெழுத்துப் போட மறுத்துவிட்டான். அவன் கூரை போடுகிறவன். ஏறும்போதே இறங்கும் வழியைப் பார்த்து வைத்துக்கொள்வது அவன் தொழிற்பழக்கம். குழந்தை நடுவில் திணறினால் கிறிஸ்துமஸ் தாண்டியும் அதிலேயே கிடந்து சாக வேண்டும், அப்புறம் ஜென்மத்துக்கும் கணக்கை வெறுத்துவிடுவாள் என்றான். மூன்று வாரம் போனிலேயே சண்டை நடந்தது. படிவத்தைத் திங்கட்கிழமை பள்ளியில் கொடுத்தாக வேண்டும்.

கொலீனுக்கு ஒரு விஷயம் நிச்சயமாகத் தெரியும். டெஸ்ஸா ஒரு வாரம் அம்மா வீட்டில், ஒரு வாரம் அப்பா வீட்டில். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு மளிகைக் கடை வாசலில் பிள்ளையை ஒப்படைப்பார்கள். தன் வீட்டு வாரத்தில் கொலீன் மகள் பக்கத்திலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் பார்க்கிறாள். அந்த வீட்டில் யார் பார்க்கிறார்கள்? காரெட் எட்டு மணிக்கே சோபாவில் குறட்டை விடுகிற ஆள். அவன் மறுபடி கட்டிக்கொண்ட லோர்னாவோ ஊர்க் கழிவுநீர் நிலையத்தில் ரப்பர் பூட்ஸ் போட்டு நிற்கிறவள், பள்ளிப் படிப்பையே இழுத்துப் பறித்து முடித்தவள். பெண்ணின் மதிப்பெண்ணைக் கெடுப்பது அந்த வீட்டு வாரம்தான். 'அந்தப் பம்ப் ஹவுஸ்காரி' என்றுதான் நாலு வருஷமாகக் கொலீன் தங்கையிடம் அவளைக் குறிப்பிடுவாள். அந்த வீட்டு வாசலை இதுவரை மிதித்ததில்லை, தன் வீட்டுத் தெருவோரத் தபால்பெட்டியைத் தாண்டி அவளை வரவிட்டதும் இல்லை.

ஆகவே சனிக்கிழமை காலை காபியோடு உட்கார்ந்து ஆதாரம் திரட்டினாள். பெற்றோர் பார்ப்பதற்கென்று பள்ளிக்கூடம் எல்லா மதிப்பெண்ணையும் தேதிவாரியாக இணையத்தில் போட்டு வைக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வகுப்பில் ஒரு சின்னப் பரீட்சை உண்டு. அந்த மதிப்பெண்களை அச்செடுத்து, பக்கத்தில் சமையலறை நாள்காட்டியை வைத்துக்கொண்டாள். தன் வாரத்துக்கு மஞ்சள், காரெட் வாரத்துக்குப் பச்சை. மஞ்சளில் தொண்ணூறுகளும் பச்சையில் எழுபதுகளும் வரிசையாக நிற்கும், அப்படியே படம் பிடித்துக் காரெட்டுக்கு அனுப்பி வாயை அடைத்துவிடலாம் என்பது திட்டம்.

கடைசியாக எழுதிய பரீட்சை மேலே இருந்தது. முதல் மஞ்சள் எழுபத்தொன்று. பச்சை தொண்ணூற்றைந்து. அடுத்த மஞ்சள் எழுபத்தாறு, பச்சை தொண்ணூற்றிரண்டு. நிறத்தைத்தான் மாற்றிப் போட்டுவிட்டோம் என்று நினைத்து, பல் டாக்டரிடம் போன நாள், பனி கொட்டிப் பள்ளி மூடிய நாள் எல்லாவற்றையும் வைத்துச் சரிபார்த்தாள். நிறம் சரியாகத்தான் இருந்தது. செப்டம்பர் முடியும்வரை இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி இருந்த மதிப்பெண், அக்டோபரிலிருந்து இப்படிப் பிரிந்து நின்றது. வீட்டுப்பாட மதிப்பெண்ணைப் பார்த்ததும் அவளுக்குத் தலை சுற்றியது. மஞ்சள் வாரங்களில் வீட்டுப்பாடம் நூற்றுக்கு நூறு, வெள்ளிக்கிழமைப் பரீட்சை எழுபது. பச்சை வாரங்களில் வீட்டுப்பாடத்தில் தப்பும் தவறுமாகப் போய், பரீட்சையில் தொண்ணூற்றைந்து. காபி ஆறிப்போனது. அந்தப் படத்தை அவள் காரெட்டுக்கு அனுப்பவில்லை.

ஞாயிறு மாலை மகளை ஒப்படைக்கக் காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது, சாலையைப் பார்த்தபடியே, அப்பா வீட்டில் யார் கணக்கு சொல்லித் தருகிறார்கள் என்று கேட்டாள்.

"யாரும் இல்லம்மா. நான்தான் லோர்னாவுக்குச் சொல்லித் தர்றேன்."

பிறகு டெஸ்ஸா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். லோர்னா வேலையில் உரிமத் தேர்வு எழுத வேண்டுமாம். தொட்டி எவ்வளவு கொள்ளும், நிமிஷத்துக்கு எவ்வளவு ஓடும் என்று முழுக்க முழுக்கக் கணக்கு. இரண்டு தடவை தோற்றிருக்கிறாள். அக்டோபரில் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளுக்கு டெஸ்ஸா ஒரு கணக்கை விளக்கினாள். அன்றிலிருந்து பள்ளியும் வேலையும் முடிந்து வந்ததும் இரண்டு பேரும் அதே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, அவரவர் பாடத்தைப் போடுகிறார்கள். லோர்னா சும்மா தலையாட்டுகிறவள் இல்லை. புரியாவிட்டால் புரியவில்லை என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவாள். ஏன் அப்படி, அது எப்படி இங்கே வந்தது என்று குடைந்து எடுப்பாள். அவளுக்குப் பதில் சொல்வதற்காகவே டெஸ்ஸா எல்லாவற்றையும் முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

நம் வீட்டில் மட்டும் என்னவாம் என்று கொலீன் கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்துவிட்டது.

"நம்ம வீட்டுல நீயே போட்டுடுவ. நான் ஒரு வரி எழுதறதுக்குள்ள அழிச்சிட்டு, இப்படிப் போடுன்னு எழுதிடுவ. அப்ப புரிஞ்ச மாதிரிதான் இருக்கும். வெள்ளிக்கிழம பாத்தா ஒண்ணுமே வராது."

கொலீன் ஒரு பெட்ரோல் பங்க்கில் காரை ஒதுக்கி நிறுத்தினாள். பெற்றவளுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று அத்தனை நாள் அவள் பெருமைப்பட்ட விஷயம் அது. ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாளே, அதற்கு வந்த பலன் இது. கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. மூன்று வாரம் சண்டை போட்டதில் யாரும் கேட்காத கேள்வியை அப்போதுதான் கேட்டாள். ஆனர்ஸ் வகுப்பு எடுக்க உனக்கு ஆசை இருக்கிறதா?

டெஸ்ஸா மடியிலிருந்த பையின் வாரைத் திருகினாள்.

"இருக்கு. ரொம்ப இருக்கு. கணக்குக்குப் பயமில்லம்மா. உன் வாரத்துக்குத்தான் பயமா இருக்கு."

முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. ஆனாலும் கொலீன் மகளைத் திட்டவில்லை, தன் நியாயத்தைச் சொல்லவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டியை எடுத்தாள். போகிற வழியெல்லாம் அந்த மேஜைதான் அவள் மனசில் ஓடியது. எட்டு மணி நேரம் தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவே நின்றுவிட்டு, குளோரின் வாசனையோடு வீட்டுக்கு வந்து, தான் பெறாத பிள்ளைக்கு எதிரில் உட்கார்ந்து, எனக்குப் புரியவில்லை என்று வெட்கப்படாமல் ஒரு பெண் சொல்லியிருக்கிறாள். தன் பெண் தலை நிமிர்ந்து பேசக் கற்றது அந்த மேஜையில்தான். அது தெரியாமல் நாலு வருஷம் எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறோம் என்று நினைத்தபோது கொலீனுக்குக் காது சுட்டது.

மளிகைக் கடை வாசலில் காரெட்டுக்குப் பதில் லோர்னா தன் பழைய டிரக்கோடு நின்றிருந்தாள். கொலீன் கதவைத் திறந்து இறங்கி வருவதைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது. வழக்கமாகக் கொலீன் இறங்க மாட்டாள், பெண்ணையும் பையையும் இறக்கிவிட்டுப் போய்விடுவாள். டெஸ்ஸாவை டிரக்கில் போய் உட்காரச் சொல்லிவிட்டு, கணக்குப் பாடத்தைப் பற்றி இப்போதுதான் கேள்விப்பட்டேன் என்று கொலீன் ஆரம்பித்தாள்.

லோர்னா அவளை முடிக்கவிடவில்லை. "நானே உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்னுதான் இருந்தேங்க. அது படிக்கிற நேரத்த நான் என் பரீட்சைக்கு எடுத்துக்கிட்டேன். உங்க பொண்ண, உங்களக் கேக்காமலே எனக்கு வாத்தியாரா வச்சிக்கிட்டேன். போன மாசம் பாஸ் பண்ணிட்டேன். அது இல்லன்னா நான் இந்த ஜென்மத்துல பாஸ் பண்ணியிருக்க மாட்டேன்."

நன்றி என்கிற சொல் கொலீனுக்கு அவ்வளவு சுலபத்தில் வருவதில்லை. வந்தாலும் ஆஸ்பத்திரியில் போனை வைக்கும்போது வருகிற நன்றிதான்.

"மன்னிப்பா? லோர்னா, என் வாரத்துல எழுபது வாங்குறா. உங்க வாரத்துல தொண்ணூத்தஞ்சு. பெத்தவ நான் செய்யாதத நீங்க செஞ்சிருக்கீங்க. உங்களப் பத்தி நான் பேசினதெல்லாம் உங்க காதுக்கும் வந்திருக்கும். அதுக்கு நான்தான் மன்னிப்புக் கேக்கணும். நன்றிங்க. ரொம்ப நன்றி."

லோர்னா கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாமான் வண்டி தள்ளிக்கொண்டு போனவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கொலீன் அதைச் சட்டை செய்யவில்லை. உரிமத்தில் அடுத்த நிலை இருக்குமே, அதற்கு விண்ணப்பித்தாயிற்றா என்று விசாரித்தாள். அதில் கணக்கு இன்னும் கடுமை, பயந்துகொண்டு பேசாமல் இருக்கிறேன் என்றாள் லோர்னா. விண்ணப்பம் போடுங்கள் என்றாள் கொலீன். ஆகஸ்டிலிருந்து தன் வாரத்தில் செவ்வாயும் வியாழனும் வேலை முடிந்ததும் நேரே தன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், சமையலறை மேஜை அவர்கள் இரண்டு பேருக்கும், அந்த நேரத்தில் தான் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டேன் என்றாள். ஆனர்ஸ் கணக்கு தனக்குச் சுத்தமாகப் புரியாதே என்று லோர்னா தயங்கினாள்.

"அதுதாங்க வேணும். எல்லாம் புரிஞ்ச ஆளு ஒருத்தி எங்க வீட்டுல ஏற்கெனவே இருக்கா."

லோர்னாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்துக் கொலீனும் சிரித்தாள். நாலு வருஷத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. படிவத்தில் கையெழுத்து வாங்க இரண்டு வண்டியும் ஒன்றன்பின் ஒன்றாகக் காரெட் வீட்டுக்குப் போயின.

காரெட் அடுப்பில் ஏரி மீன் பொரித்துக்கொண்டிருந்தான். முன்னாள் மனைவி உள்ளே வருவதைப் பார்த்து, யாருக்கோ விபத்து என்று நினைத்து அடுப்பை அணைத்தான். கொலீன் மதிப்பெண் தாளை அவன் முன்னால் விரித்து, மஞ்சள் எது பச்சை எது என்று ஒன்று விடாமல் காட்டினாள். அத்தனையும் அவளுக்கு எதிரான ஆதாரம். காரெட் தாளைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மறுபடி தாளைப் பார்த்தான். பதினோரு வருஷக் குடித்தனத்தில் காணாததைக் கண்டவன் பாவம், அவளுக்கு ஒரு தட்டில் மீன் எடுத்து வைத்தான். செவ்வாய், வியாழன் ஏற்பாட்டை லோர்னா சொன்னாள். அதையும் கேட்டுவிட்டு, படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

போட்ட பிறகுதான், கீழே மாணவர் கையெழுத்து என்று இன்னொரு கோடு இருப்பதை அவன் பார்த்தான். படிவத்தை மூன்று வாரமாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைந்த கொலீனும் அதைக் கவனித்திருக்கவில்லை. அவன் தாளை மகள் பக்கம் தள்ளினான்.

டெஸ்ஸா பேனாவை எடுத்தாள். உடனே போடவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"மொதப் பரீட்சையில எழுபது வாங்கிட்டு வந்தா என்ன பண்ணுவ?"

கொலீனின் நாக்கு நுனியில் நாலைந்து பதில்கள் வந்து நின்றன. கூடுதல் பயிற்சி, கால அட்டவணை, ஹப்ளரிடம் ஒரு சந்திப்பு, சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம். மேஜையைச் சுற்றி மூன்று பேரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் அவள் விழுங்கினாள்.

"லோர்னாவக் கூப்பிடுவேன்," என்றாள்.

டெஸ்ஸா குனிந்து தன் பெயரை முழுசாக எழுதினாள்.